டேண்டத்தில் குழுவாகப் போகிறீர்களா? கோளாறும் கைவைத்தியமும்

இங்கிலாந்தின் கிராமச் சாலைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாறு டேண்டம் சைக்கிள்கள் சேர்ந்து கிளம்பும் பயணங்களுக்காக இதை எழுதுகிறேன். டேண்டம் என்பது ஒரே சட்டத்தில் இரண்டு சீட்டும் இரண்டு ஜோடி பெடலும் உள்ள சைக்கிள். கேரியரில் ஆளை உட்காரவைத்து டபுள்ஸ் போவது அல்ல, இருவருமே மிதிக்க வேண்டும். முன்னால் இருப்பவரை கேப்டன் என்பார்கள், பின்னால் இருப்பவரை ஸ்டோக்கர் என்பார்கள். ஹேண்டில்பார் திருப்புவது, பிரேக், கியர் எல்லாம் கேப்டன் பொறுப்பு. ஸ்டோக்கருக்கு நேர் எதிரே தெரிவது கேப்டனின் முதுகு மட்டும்தான். இங்கே பல ஊர்க் குழுக்களில் ஸ்டோக்கர்கள் பார்வையற்றவர்களாகவோ பார்வை குறைந்தவர்களாகவோ இருப்பார்கள். தனியாகச் சைக்கிள் ஓட்ட முடியாதவர்களுக்கு டேண்டத்தை இலவசமாகக் கடன் கொடுக்கும் சார்லட்ஸ் டேண்டம்ஸ் என்ற தொண்டு அமைப்பும் இருக்கிறது.

வழியில் எது தப்பாகப் போனாலும் முதலில் அந்த இருவரையும் பாருங்கள், அப்புறம் சைக்கிளை, அதற்கும் அப்புறம் பாதையை. செயின் கோளாறு, பிரேக் கோளாறு என்று எழும் புகார்களில் பாதிக்கு மேல் முன்னவர் சொல்லாமல் விட்டதிலோ, காலையில் பாதை போட்டவர் கவனிக்காமல் விட்டதிலோ போய் முடியும்.

கிளம்பும்போதே ஆட்டம் காண்கிறது

இருவரும் ஒரே நேரத்தில் ஏறப் பார்க்கிறார்கள், அதுதான் காரணம். கேப்டன் முதலில் சட்டத்தின் இருபக்கமும் காலை நன்றாக அகட்டி ஊன்றி நிற்க வேண்டும். சீட்டில் உட்காரக் கூடாது, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அப்புறம் ஸ்டோக்கர் ஏறி அமர்ந்து, இரண்டு காலையும் பெடலில் வைக்கிறார். இந்த நேரத்தில் மொத்தச் சுமையும் கேப்டனின் இரண்டு காலில்தான் நிற்கிறது. ஸ்டோக்கர் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, கேப்டன் முதல் மிதி மிதிக்க வேண்டிய பெடலை மேலே, கொஞ்சம் முன்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார். சுற்றி வரும் பெடல் கேப்டனின் காலில் இடிக்கும் என்பதால்தான் அகட்டி நிற்கச் சொல்வது. "ரெடியா?" என்று கேட்டு, பின்னாலிருந்து "ரெடி" என்ற பதில் வந்த பிறகே மிதிக்க வேண்டும். சைக்கிள் உருளத் தொடங்கியதும் கேப்டன் சீட்டில் ஏறி, மற்றக் காலைப் பெடலில் வைத்துக்கொள்ளலாம். நிற்கும்போது கேப்டன் மட்டும் காலை ஊன்றினால் போதும், ஸ்டோக்கர் இறங்க வேண்டியதில்லை.

இப்படிச் செய்தும் ஆடினால் கியரைப் பாருங்கள். பெரிய கியரில் நின்றுவிட்டு அதிலேயே கிளம்பப் பார்ப்பது வழக்கம். நிற்பதற்கு முன்பே சிறிய கியருக்கு வந்துவிட வேண்டும். அப்படியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் ஜோடிப் பொருத்தம் சரியில்லை. ஸ்டோக்கர் ஏறும்போதே கேப்டனால் சைக்கிளைத் தாங்க முடியாவிட்டால், அன்று ஜோடியை மாற்றித்தான் ஆக வேண்டும். இதில் யாரும் சங்கடப்பட ஒன்றுமில்லை. புது ஜோடி என்றால் கார் நிறுத்துமிடத்திலேயே பத்து நிமிடம் கிளம்பி, நின்று, வளைந்து பழகிய பிறகு சாலைக்கு வரட்டும்.

பின் சீட்டில் பேச்சே இல்லை, தோள் விறைத்திருக்கிறது

சைக்கிளில் ஒரு கோளாறும் தெரியாது. ஆனால் திருப்பங்களில் டேண்டம் மரக்கட்டை மாதிரி திரும்பும், கேப்டனின் கை வலிக்கும். திரும்பிப் பார்த்தால் ஸ்டோக்கர் தன் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருப்பார். அவர் பயந்துபோயிருக்கிறார். அடுத்த நொடி என்ன வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பயணத்திலேயே நான் பெரிதாக நினைக்கும் கோளாறு இதுதான். செயின் கழன்றால் மாட்டிவிடலாம். ஆனால் முதல் பயணத்தில் பயந்துபோன ஸ்டோக்கர் இரண்டாவது பயணத்துக்கு வரமாட்டார்.

இரண்டு ஜோடிப் பெடலும் செயினால் பிணைந்திருக்கின்றன. கேப்டன் மிதிப்பதை நிறுத்தினால் ஸ்டோக்கரின் காலும் அந்தக் கணமே நின்றாக வேண்டும். சொல்லாமல் நிறுத்தினால் முழங்கால் வெடுக்கென்று இழுபடும். அதனால் மிதிப்பதை விடுவதற்கு முன் "ஈஸி", கியர் மாற்றுவதற்கு முன் "கியர்", குழி வந்தால் "குழி", வளைவு வந்தால் "இடது சாய்வு" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். வார்த்தை எதுவானாலும் சரி, கிளம்புவதற்கு முன் இருவரும் பேசி வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதையே சொல்ல வேண்டும். சொல்வதும் ஒரு நொடி முன்னதாக இருக்க வேண்டும். குழியில் சக்கரம் விழுந்த பிறகு "குழி" என்று கத்துவதில் யாருக்கும் லாபமில்லை.

ஸ்டோக்கருக்கு வேலை கொடுப்பதும் நல்ல வைத்தியம். கை சிக்னல் காட்டுவதை அவரிடம் விடுங்கள். "வலது கை" என்று சொன்னதும் அவர் நீட்டினால், கேப்டனின் இரண்டு கையும் ஹேண்டில்பாரிலேயே இருக்கும். பின்னால் கார் வரும் சத்தத்தைப் பெரும்பாலும் அவர்தான் முதலில் கேட்பார். அவர் சொன்னதும் "கேட்டது" என்று பதில் கொடுங்கள்.

அப்புறம் வர்ணனை. பார்வையற்ற ஸ்டோக்கருக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அது வெறும் உடற்பயிற்சி ஆகிவிடும். வேலிக்கு அப்பால் ஆட்டுக்குட்டிகள் நிற்கின்றன, வலப்பக்கம் கற்சுவர், எதிரே தேவாலயக் கோபுரம் என்று சொல்லிக்கொண்டே போங்கள். மே மாதத்தில், கடுகு இனத்து எண்ணெய்ப் பயிரான ரேப் செடியின் மஞ்சள் வயல்களும் காட்டோரத்தில் காட்டுப்பூண்டும் உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அவர் மூக்குக்கு எட்டியிருக்கும். சில்டர்ன் குன்றுகளில் தலைக்கு மேலே சீழ்க்கை அடிப்பது பருந்து வகைப் பறவையான ரெட் கைட். இங்கிலாந்தில் அற்றுப்போயிருந்த அந்தப் பறவையை 1989 முதல் 1994 வரை அந்தக் குன்றுகளில் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அதன் குரலைக் கேட்காமல் அங்கே ஒரு பயணம் முடியாது. "அது என்ன சத்தம்?" என்று ஸ்டோக்கர் கேட்டுவிட்டால் தோள் தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நிற்கும் இடத்திலும் கவனம் வேண்டும். சைக்கிளைச் சாய்த்துவைக்கக் கேப்டன் நகரும்போது ஸ்டோக்கரைச் சாலையில் தனியே நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் புல், எந்தப் பக்கம் சாலை என்று சொல்லுங்கள். கூட்டிப்போகும்போது கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொள்வார்.

மேட்டில் குழு சிதறுகிறது

தனி சைக்கிளில் வருபவர்களும் கலந்திருக்கும் குழுவில் இது கட்டாயம் நடக்கும். டேண்டத்தில் இரண்டு பேர் பலம் இருந்தாலும் இரண்டு பேர் எடையும் இருக்கிறது. எழுந்து நின்று மிதிப்பதும் சுலபமல்ல, அதற்கு இருவரின் அசைவும் ஒத்துப்போக வேண்டும். ஆக, மேட்டில் டேண்டம் பின்தங்கும். சமதளத்திலும் இறக்கத்திலும் கதை தலைகீழ். இரண்டு பேருக்கும் சேர்த்துக் காற்றின் தடை ஏறக்குறைய ஒருவருக்கு உள்ள அளவுதான், ஸ்டோக்கர் கேப்டனின் மறைவில் வருகிறார். அதனால் தனி சைக்கிள்களைத் தாண்டி ஓடும்.

செய்ய வேண்டியது என்னவென்றால், இறக்கம் தொடங்குமுன் டேண்டங்களை முன்னால் விடுங்கள். ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும் சாலையில் ஒரு இறக்கத்தின் வேகம்தான் அடுத்த மேட்டில் பாதியைத் தாண்டவைக்கும். முன்னால் ஒருவர் மெதுவாக இறங்கி டேண்டத்தைப் பிரேக் பிடிக்கவைத்தால், அந்த ஜோடி மேட்டின் அடியிலிருந்து மூச்சுவாங்கி ஏற வேண்டியிருக்கும். மேடு ஏறியதும் எல்லோரும் சேர்ந்துகொள்ளுங்கள், ஆனால் உச்சியைத் தாண்டி, அகலமான இடத்தில். கடைசியாக வந்து சேர்ந்த ஜோடி தண்ணீர் குடித்து மூச்சு விடும்வரை யாரும் பெடலில் கால் வைக்கக் கூடாது. முதலில் வந்தவர்கள் பத்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டுக் கடைசி ஜோடி வந்த நொடியே கிளம்பினால், ஓய்வு தேவைப்பட்ட ஒரே ஜோடிக்கு அது கிடைக்காமலே போகிறது. மாலைக்குள் அவர்கள் இன்னும் பின்தங்குவார்கள்.

மறுபடி மறுபடி சிதறினால் பாதையைப் பாருங்கள். பிரிட்டனின் அரசு வரைபட அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் லேண்ட்ரேஞ்சர் வரைபடத்தில், அதாவது இளஞ்சிவப்பு அட்டை போட்ட 1:50,000 அளவில், சாலையின் மேல் சின்ன அம்புக்குறிகள் இருக்கும். ஒற்றை அம்பு என்றால் 14 முதல் 20 சதவீதச் சரிவு, இரட்டை அம்பு என்றால் 20 சதவீதத்துக்கு மேல். அம்பு காட்டுவது இறக்கத்தின் பக்கம். புதியவர்கள் இருக்கும் குழுவின் பாதையில் ஏறும் பக்கமோ இறங்கும் பக்கமோ இரட்டை அம்பே வேண்டாம்.

கோட்ஸ்வோல்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குன்றுத் தொடரின் மேற்கு விளிம்பு செங்குத்தானது, கிழக்குப் பக்கம் தேம்ஸ் நதியை நோக்கி மெல்லச் சரியும். மோர்ட்டன் இன் மார்ஷிலிருந்து கிளம்பி விண்ட்ரஷ் பள்ளத்தாக்குப் பக்கம், பர்ஃபோர்டு வரை போய் வந்தால் மேடுகள் உண்டு, ஆனால் தாங்கும். அதே ஊரிலிருந்து மேற்கே சிப்பிங் கேம்டன் போய், டோவர்ஸ் ஹில்லிலிருந்து வெஸ்டன் சப் எட்ஜ் பக்கம் இறங்கினால் அன்றைய பேச்சு முழுக்க பிரேக்கைப் பற்றியதாகத்தான் இருக்கும். முதல் பயணத்துக்கு மேடே வேண்டாம் என்றால் பழைய ரயில் பாதைகள் இருக்கின்றன. பீக் டிஸ்ட்ரிக்டில் பேக்வெல் வழியாகப் போகும் மான்சல் டிரெயில் ரயிலுக்காகப் போட்ட சாய்வு, செங்குத்தே இல்லை. அதன் பெரிய சுரங்கங்களை 2011-ல் திறந்துவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் மாறும் குளிரும் எதிரொலியும் பார்வையற்ற ஸ்டோக்கர்களுக்கு மிகவும் பிடிக்கும், நின்று ஒரு குரல் கொடுக்கவிடுங்கள்.

இறக்கத்தில் பிரேக் பிடி தளர்கிறது, கருகல் வாடை வருகிறது

உடனே நிறுத்துங்கள். நிறுத்த முடிகிற நேரத்திலேயே நிறுத்துவது முக்கியம்.

இருவர், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 180 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டர் உயரம் இறங்கும்போது சுமார் 176 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது ஏறக்குறைய போதும். வேகமாக இறங்கினால் அதில் பெரும்பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். பயந்து பயந்து ஒரே சீராகப் பிரேக்கை உரசவிட்டபடி இறங்கினால் அத்தனையும் பிரேக்குக்கே போகும். ரிம் பிரேக் என்றால் ரிம் சூடாகி, உள்ளே டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக் என்றால் பிடி மங்கும்.

நேரான, பார்வை எட்டும் இடத்தில் ஓடவிட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, மறுபடி விடுங்கள். விட்டுப் பிடித்தால் பிரேக் ஆறிக்கொள்ள நேரம் கிடைக்கும். ஆனால் டெவனில் இருப்பது போன்ற, இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் கரை எழும்பிய, ஒரு வண்டி மட்டும் போகும் குறுகிய சாலைகளில் ஓடவிட வழியே இல்லை. அடுத்த வளைவில் டிராக்டர் நிற்கலாம். அங்கே மெதுவாகத்தான் இறங்க வேண்டும், அதனால் பாதி வழியில் வயல் வாசல் எதையாவது பார்த்து ஒதுங்கி ஆறவிட்டு இறங்குங்கள். ஆறிவிட்டதா என்று பார்க்க டிஸ்கைத் தொடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீறுகிறதா என்று தெரிந்துவிடும்.

மலைப்பாங்கான இடங்களுக்கு அடிக்கடி போகும் ஜோடிகள் பின் ஹப்பில் மூன்றாவதாக ஒரு டிரம் பிரேக் வைத்துக்கொள்வது உண்டு. அராய் என்ற கம்பெனியின் பழைய டிரம்மை இன்றும் தேடி வாங்குகிறார்கள். அதன் லீவரை ஸ்டோக்கரின் கையில் கொடுத்துவிட்டு, "போடு", "விடு" என்று சொன்னால் போதும். நீண்ட இறக்கத்தில் வேகத்தைப் பிடித்துவைக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும், மற்ற இரண்டு பிரேக்கும் நிறுத்துவதற்கென்று குளிர்ச்சியாக இருக்கும்.

இறக்கத்தில் குழுவின் இடைவெளியையும் கவனியுங்கள். சமதளத்தில் விடும் இடைவெளி இங்கே போதாது, பல மடங்கு வேண்டும்.

வேகம் பிடித்ததும் முன்பக்கம் நடுங்குகிறது

ஸ்டோக்கர் மேலுடம்பை அசைத்தாலோ தண்ணீர் பாட்டிலைக் குனிந்து எடுத்தாலோ ஹேண்டில்பாரில் தெரியும். அசைவு இல்லாமலே நடுங்கினால் கேப்டன் இரண்டு முழங்காலையும் சட்டத்தோடு ஒட்டி இறுக்கி, பதறாமல் மெல்ல வேகத்தைக் குறைக்கட்டும். நின்றதும் முன்சக்கர ஹப், ஹேண்டில்பாரின் பேரிங், பின்னால் கட்டிய பை மூன்றையும் ஆட்டிப் பாருங்கள்.

இடப்பக்கம் செயின் தட்டுகிறது, அல்லது கழன்றுவிட்டது

டேண்டத்தில் வலப்பக்கம் சக்கரத்துக்குப் போகும் வழக்கமான செயின். இடப்பக்கம் இரண்டு ஜோடிப் பெடலையும் பிணைக்கும் நீளமான டைமிங் செயின் தனியாக இருக்கும். அது தொய்ந்தால் தட்டும், இன்னும் தொய்ந்தால் கழலும். கழன்றால் கேப்டன் மிதிப்பது சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

நடுப்பகுதியில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே அசைந்தால் சரியான அளவு. பல்சக்கரங்கள் முழு வட்டமாக இருப்பதில்லை என்பதால் பெடலைச் சுற்றிக்கொண்டே, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் இந்த அளவைப் பார்க்க வேண்டும். இறுக்கிவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று வீணைத் தந்தி அளவுக்கு இறுக்கினால் பேரிங் தேய்ந்துவிடும். சரிசெய்யும் இடம் முன்ஜோடிப் பெடலின் அச்சு. அது வட்டமான ஒரு உருளைக்குள் மையம் விலகி உட்கார்ந்திருக்கும். பிடித்துவைக்கும் போல்ட்டைத் தளர்த்தி, அந்த உருளையைக் கொஞ்சம் திருப்பினால் அச்சு முன்னால் நகரும், செயின் இறுகும். மறுபடி போல்ட்டை முடுக்குங்கள்.

வழியில் கழன்றதை மாட்டும்போது ஒரு கவனம் வேண்டும். முன்ஜோடியின் வலது பெடலையும் பின்ஜோடியின் வலது பெடலையும் ஒருசேரக் கீழே தொங்கவிட்டு, ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் செயினை மாட்டட்டும். ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் பெடலைத் தாங்கும் கிராங்குகள் இரண்டும் இணையாக நிற்காது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியும். அப்படியே ஓட்டினால் இருவரும் கால் மாற்றி மிதிப்பது போலிருக்கும், ஸ்டோக்கர்தான் முதலில் முறையிடுவார்.

கியர் மாறும்போது கரகர என்கிறது

டேண்டத்தில் பின் கியருக்குப் போகும் கேபிள் மிக நீளம், அதனால் உரசலும் தொய்வும் கூடுதல். பின்னால் உள்ள சின்னத் திருகை எதிர்க் கடிகாரத் திசையில் அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள். கேபிள் சரியாக இருந்தும் சத்தம் வந்தால், இருவரும் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றுகிறீர்கள். "கியர்" என்று சொல்லி, இருவரும் ஒரு சுற்று லேசாக மிதிக்க, அப்போது மாற்றுங்கள். மேட்டின் நடுவில் அல்ல, மேடு தொடங்குமுன்.

பஞ்சர் மேல் பஞ்சர்

செப்டம்பர் முதல் குளிர்காலம் முடியும்வரை இது சகஜம். பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பொதுவாக விவசாயிகள் வேலிகளை வெட்டக் கூடாது. அந்தக் காலம் முடிந்ததும் டிராக்டரில் பொருத்திய வெட்டும் கருவியோடு வந்துவிடுவார்கள். வேலி என்பது பெரும்பாலும் ஹாத்தார்ன், பிளாக்தார்ன் என்ற முட்செடிகள். வெட்டிய துண்டுகள் சாலையில் சிதறிக் கிடக்கும். புதிதாக வெட்டிய வேலி தெரிந்தால் சாலையின் நடுப்பக்கமாகப் போங்கள், துண்டுகள் அடர்ந்திருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

டியூபை மாற்றி ஐந்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கினால் முள்ளின் நுனி டயரிலேயே இருக்கிறது. பிளாக்தார்ன் முள் வெளிப்பக்கம் ஒடிந்து, ரப்பரோடு ரப்பராக அமிழ்ந்துவிடும். வெளியிலிருந்து கறுப்புப் புள்ளிகூடத் தெரியாது. பழைய டியூபில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து, வால்வை அடையாளமாக வைத்து, டயரில் அதே இடத்தைக் கணக்கிடுங்கள். அந்த இடத்தை உள்வெளியாகத் திருப்பி, இரு கட்டைவிரலாலும் பிதுக்கினால் நுனி தலைகாட்டும். விரலால் தடவித் தேடாதீர்கள், துணியால் தடவினால் இழை மாட்டும் இடத்தில் முள் இருக்கும். இங்கே பார்வையற்ற ஸ்டோக்கர் ஒருவர் பிதுக்கித் தொட்டே கண்டுபிடித்ததை நான் பார்த்திருக்கிறேன், நாங்கள் கண்ணாடி போட்டுத் தேடிக்கொண்டிருந்தோம். சில்டர்ன் பக்கம் முள்ளோடு கூர்மையான ஃபிளிண்ட் (சிக்கிமுக்கி) கல்லும் சேர்ந்துகொள்ளும். மழைக்குப் பிறகு அது சாலைக்கு அடித்து வரப்படும்.

டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள் அல்ல, காற்று போதவில்லை. இருவர் எடையில் டயர் நசுங்கி, குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் மாட்டியிருக்கிறது. டயரிலும் ரிம்மிலும் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல், தனி சைக்கிளுக்கு வைப்பதைவிடக் கூடுதலாகக் காற்று அடியுங்கள். சைக்கிளின் சட்டத்தில் இடம் இருந்தால் 32 மி.மீ. அல்லது அதைவிட அகலமான டயர் போடுவது இன்னும் நல்லது.

பின்சக்கரத்தில் "டிங்" என்றது, அப்புறம் சக்கரம் கோணலாக ஓடுகிறது

ஸ்போக் கம்பி அறுந்திருக்கிறது. டேண்டம் சக்கரத்தில் 36, 40, சிலவற்றில் 48 கம்பிகள்கூட இருப்பதால் ஒன்று போனாலும் வீடு வந்து சேரலாம். அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, ரிம் பிரேக் உரசினால் அதை அகலத் திறந்து, மெதுவாக வாருங்கள். பின் பிரேக் அதனால் வேலை செய்யாது என்றால் இறக்கங்களில் நடங்கள்.

பின்னால் கார் வரிசை சேர்கிறது

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2022 ஜனவரி 29 முதல் நடப்பில் உள்ள, ஹைவே கோடு என்னும் சாலை விதித் தொகுப்பின்படி இருவர் இணையாகவும் ஓட்டலாம், 30 மைல் வேகம்வரை வரும் கார் முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அதே விதி, பாதுகாப்பான இடம் வந்தால் பின்னால் வருபவருக்கு வழிவிடவும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஒரு டேண்டம் ஏறக்குறைய 2.5 மீட்டர் நீளம். ஆறு டேண்டம் ஒட்டிப் போனால் கிராமச் சாலையில் எந்தக் காரும் ஒரே மூச்சில் தாண்ட முடியாது. மூன்று மூன்றாகப் பிரிந்து, நடுவில் ஒரு கார் நுழைந்து ஒதுங்கும் அளவு இடம் விடுங்கள். வழிவிடுவதென்றால் அகலமான ஒதுக்கிடத்தில், முன்னால் இருப்பவர் தீர்மானித்து, எல்லோரும் ஒன்றாக. ஓரத்துப் புல்லில் ஆளுக்கொரு பக்கம் இறங்கினால் டேண்டம் கவிழும். கார் வருவதைச் சொல்லும் குரலும் குழுவுக்குக் குழு மாறும். "கார் அப்" என்றால் சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். "முன்னால்", "பின்னால்" என்றே சொல்வது நல்லது.

ஒரு ஜோடியைக் காணோம்

கிளை பிரியும் இடத்தில் தொலைந்திருப்பார்கள். முன்னோடி ஒவ்வொரு திருப்பத்திலும் தனக்கு அடுத்து வருபவரை அங்கேயே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அவர் கடைசி ஆள் வரும்வரை நின்று வழிகாட்டிவிட்டு, கடைசி ஆளோடு சேர்ந்து கிளம்புவார். இது நடக்க வேண்டுமானால் கடைசி ஆள் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் பளிச்சென்ற சட்டை போட்டிருக்கட்டும், பஞ்சர் சாமானும் அவரிடமே இருக்கட்டும். நிற்கச் சொன்னவர் எவ்வளவு குளிரினாலும் நகரக் கூடாது.

எதிரே குதிரை, ஓடை, இரும்புக் கம்பித் தடுப்பு

குதிரையின் பின்னாலிருந்து சத்தமில்லாமல் போகாதீர்கள். தூரத்திலேயே குரல் கொடுங்கள், மனிதக் குரல் கேட்டால் குதிரை அமைதியாகும். பதில் வந்ததும் வேகம் குறைத்து, அதன் வலப்பக்கமாக, தள்ளிப் போங்கள். இடப்பக்கமாகப் போகக் கூடாது. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிளை அனுமதித்தபோதே, நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்று சேர்த்துத்தான் அனுமதித்தது.

சாலையின் குறுக்கே ஓடும் ஓடையில், உதாரணமாக சஃபோக்கின் கெர்சி கிராமத்து நடுத்தெருவில் இருப்பது போன்றவற்றில், தண்ணீருக்கடியில் தரை பாசி பிடித்திருக்கலாம். பக்கத்தில் நடைபாலம் இருந்தால் தள்ளிக்கொண்டு போங்கள். கால்நடைகள் தாண்டாமல் தரையில் பதித்த இரும்புக் குழாய்களை நேர்க்கோட்டில், பிரேக் பிடிக்காமல், ஹேண்டில்பாரைத் திருப்பாமல் கடக்க வேண்டும். "தடதட வருது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஸ்டோக்கர் சீட்டிலிருந்து சற்று எழும்பிக்கொள்வார். பழைய ரயில் பாதைகளின் வாசலில் மோட்டார் பைக்கைத் தடுக்க வைத்த வளைவுக் கதவுகளில் டேண்டம் நுழையாது. வரைபடத்தில் அது தெரியாது, முன்னதாக ஒருவர் போய்ப் பார்த்து வர வேண்டும்.

பின்னவருக்கு உட்கார முடியவில்லை

தனியாக ஓட்டுபவர் குழியைப் பார்த்ததும் தானாக எழும்புவார், ஸ்டோக்கர் அப்படியே உட்கார்ந்திருப்பார். கால் மணிக்கு ஒருமுறை "ஈஸி" சொல்லி, இருவரும் பெடலில் எழுந்து நின்று கொஞ்ச தூரம் உருளுங்கள். தீராவிட்டால் பின் சீட்டின் கம்பத்தை அதிர்ச்சி தாங்கும் வகையாக மாற்றுங்கள். இருவரில் யார் வசதிக்குச் செலவு செய்வது என்றால் ஸ்டோக்கருக்கே.

பப்பில் சாப்பாடு இல்லை, மாலையில் ரயிலில் ஏற்ற மறுக்கிறார்கள்

கிராமத்து பப்களில் மதியச் சமையல் இரண்டு மணிக்கோ இரண்டரைக்கோ நின்றுவிடும். பன்னிரண்டு பேர் சொல்லாமல் போனால் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். முதல் நாளே போன் செய்து, எத்தனை பேர், டேண்டங்களைச் சாய்த்துவைக்க நீளமான சுவர் இருக்கிறதா என்று கேளுங்கள். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் அப்போது சாப்பாட்டுக்குப் பிந்தைய தூரத்தைப் பாதியாக்குங்கள். பகல் பயணமானாலும் விளக்கு இருக்கட்டும்.

பெரும்பாலான ரயில்களில் டேண்டத்துக்கு இடமில்லை, நீளம்தான் காரணம். அதனால் டேண்டங்கள் காரின் மேல் வரட்டும், ஆட்கள் ரயிலில் வரட்டும். பார்வையற்ற ஸ்டோக்கர்கள் தாங்களாகவே வந்து சேரும்படி, ரயில் நிலையம் உள்ள ஊரையே தொடக்க இடமாக வையுங்கள். மோர்ட்டன் இன் மார்ஷ் அதற்கு வசதி, ஆக்ஸ்ஃபோர்டு-வூஸ்டர் ரயில் அங்கே நிற்கும். கேப்டன் நடைமேடையிலேயே போய்க் காத்திருக்கட்டும். மாலையில் எந்த ரயில் என்று காலையிலேயே கேட்டுவைத்துக்கொண்டு, அந்த ரயிலுக்கு அரை மணி முன்னால் நிலையத்துக்குத் திரும்பிவிடுங்கள். ஒரு ஜோடி பஞ்சர் ஆகித் தாமதமானால், தன் ஸ்டோக்கரோடு அந்த ஸ்டோக்கரையும் ரயிலேற்றிவிடும் வேறொரு கேப்டன் யார் என்பதையும் கிளம்புமுன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.